ஒரு தலை கூடுதல்

"ஒரு ஆள் அதிகமா இருக்கு சார்."

வாட்ச்மேன் இப்படிச் சொன்னதும் மேனேஜர் அறையில் கூடியிருந்த பாதுகாப்புக் குழு கொல்லென்று சிரித்தது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தீ ஒத்திகை அப்போதுதான் முடிந்திருந்தது. மணி அடித்ததும் எல்லோரும் வெளியே ஓடி வந்து கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்க, வாட்ச்மேன் தலைகளை எண்ணியிருந்தார்.

"குறைஞ்சா கவலைப்படலாம். கூடினா லாபம்தானேய்யா!" என்றார் கணக்கர்.

"போன தடவையும் இப்படித்தான் சார். அதுக்கு முந்தின தடவையும் இதே கதைதான். நானும் எண்ணி எண்ணிப் பார்த்துட்டேன்."

"வெளியாள் எவனாவது புகுந்திருப்பான்," என்றார் குழுத் தலைவரான மேனேஜர்.

"இல்ல சார். ஒவ்வொரு முகமாப் பார்த்தேன். எல்லாம் நம்ம ஆளுங்கதான்." சொல்லிவிட்டு வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஏசி அறையிலும் அவருக்கு வியர்த்திருந்தது.

"எப்பவும் ஒண்ணு கூடுதுன்னா ஒண்ணைக் கழிச்சுட்டாப் போச்சு. இதுக்குப் போய் ஒரு கூட்டமா?" என்றார் கணக்கர். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

குழுவில் ஸ்டோரக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தரைக்குக் கீழே இருக்கும் ஸ்டோர் அவள் பொறுப்பு. அவளைவிட வயதில் மூத்த மேனேஜர்கூட அவளை ஸ்டோரக்கா என்றுதான் கூப்பிடுவார். சொந்தப் பெயர் சம்பளக் கவரில் மட்டும்தான் பிழைத்திருந்தது. பசை டின்களுக்கும் காகித உருளைகளுக்கும் நடுவே நாள் முழுக்க அவள் ஒருத்திதான். ஒத்திகையில் எப்போதும் கடைசியாக வந்து வரிசையின் வாலில் ஒட்டிக்கொள்வதும் அவள்தான்.

"சார், தலையை எண்ண வேணாம். பேர் சொல்லிக் கூப்பிடுங்க," என்றாள். "கீழ நான் மாட்டிக்கிட்டா யாருக்குத் தெரியும்?"

"எண்ணிக்கையில ஒண்ணு குறையும். உடனே தெரிஞ்சிடும்," என்றார் மேனேஜர்.

"அதான் ஒண்ணு கூடுதே சார்! கூடின ஆளு என் இடத்துல நின்னா, நான் இல்லாதது எப்படித் தெரியும்?"

மேனேஜர் பேனாவை மூடினார். அவர் கெட்டவர் இல்லை. காபி ஆறுவதற்குள் கூட்டம் முடிய வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான். "இத்தனை பேரையும் ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள கட்டடமே சாம்பலாயிடும். ஆள் கூடினா ஆபத்துன்னு எந்தப் புத்தகத்துலயும் போடலைக்கா."

பிறகு குழு ஒரு விதியை வகுத்தது. எண்ணிக்கை குறையாமல் இருந்தால் எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்று பொருள். உடனே வாசலின் இரும்பு ஷட்டரை இறக்கிவிட வேண்டும். அதன்பிறகு எந்தக் காரணம் கொண்டும் யாரும் உள்ளே போகக் கூடாது. முன்பு ஒரு தீ விபத்தில் தன் பையை எடுக்க உள்ளே ஓடிய ஃபோர்மேன் ஒருவர் திரும்பி வரவேயில்லை என்பதால், விதி நியாயமாகவும் பட்டது.

"ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க."

ஸ்டோரக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு அம்மாவை விட்டால் வேறு நாதி இல்லை. "எனக்குப் பயமா இருக்கு சார்," என்று வெட்கத்தை விட்டுச் சொல்லியும் பார்த்தாள்.

கணக்கர் விரல் நீட்டிக் கைகளை எண்ணினார். "எல்லாக் கையும் இருக்கு. ஏகமனதா நிறைவேறிச்சு."

"நான் தூக்கவே இல்லையே!"

"எண்ணிட்டேனே, சரியா இருக்கே," என்று சொல்லி அவர் எழுந்துவிட்டார். மற்றவர்களும் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் ஒரு மாலையில் மணி மறுபடி அடித்தது. இன்னொரு ஒத்திகை என்று சலித்துக்கொண்டேதான் ஸ்டோரக்கா கதவைத் திறந்தாள். படிக்கட்டு முழுக்கப் புகை. கண்ணும் தொண்டையும் எரிய, கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கீழ் இடுக்கில் சாக்கை நனைத்துத் திணித்தாள். விளக்கு அணைந்தது. மேலே ஷட்டர் கடகடவென்று இறங்குவது கேட்டது.

இருட்டில் தடவிப் பிடித்து, ஸ்டோரின் பழைய மேசைப் போனிலிருந்து மேனேஜரின் செல்போனுக்குக் கூப்பிட்டாள்.

"சார், ஷட்டரைத் திறங்க! நான் உள்ள இருக்கேன்!"

"யாரு பேசறது?"

"ஸ்டோரக்கா சார்! கீழ மாட்டிக்கிட்டேன்!"

"என்னம்மா உளர்றீங்க? எண்ணிக்கை சரியா இருக்கே. இன்னைக்குத்தான் ஒண்ணு கூடாம, குறையாம கச்சிதமா வந்திருக்கு."

"நான் இல்லாம எப்படி சார் சரியா வரும்? ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுப் பாருங்க. பதில் வராது. அப்பத் தெரியும் உங்களுக்கு. கையெடுத்துக் கும்பிடறேன் சார், எனக்குப் பொண்ணு இருக்கா!"

மறுமுனையில் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. பிறகு மேனேஜர் யாரையோ அமைதியாக இருக்கச் சொன்னார். குழு மறுத்ததை அந்த மனிதர் இப்போது செய்யப்போகிறார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஸ்டோரக்கா!" என்று அவர் உரக்கக் கூப்பிட்டார்.

"இங்கதான் சார் இருக்கேன்," என்றது போனுக்குள்ளிருந்து அவளுடைய சொந்தக் குரல். "நான் கிளம்பட்டுமா? வீட்ல பொண்ணு தனியா இருப்பா."