பாதிக் கிண்ணம்

பண்டிகைக்குப் பண்டிகை மட்டும் பேசும் மகள் மீரிம், ஒரு மாதமாகத் தினமும் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வீடியோவில் அழைத்தாள். மலையூரான நாரினில் தனியாக இருந்த அம்மா புருலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“டீ பாக்கெட்டை முன்னால நகர்த்தும்மா. நான் அனுப்பினதுதானான்னு பார்க்கிறேன்.”

“அதேதான்டி.”

“இன்னிக்குக் கிண்ணம் நிறைய ஊத்து.”

“பைத்தியமா உனக்கு? நம்ம ஊர்ல விருந்தாளியை எழுந்து போன்னு சொல்லத்தான் நிறைய ஊத்துவாங்க. இன்னும் இருன்னா பாதிதான்.”

“ஒரே ஒரு தடவைம்மா!”

மகள் கேட்டாளே என்று தளும்பத் தளும்ப ஊற்றினாள்.

மறுநாள் அழைப்பு வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. இவள் அழைத்தாலும் எடுக்கவில்லை.

“கிண்ணத்தை நிறைச்சது என் தப்பு” என்று பக்கத்து வீட்டு குல்சாத்திடம் அழுதாள்.

குல்சாத் தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினாள். அதில் டீக் கம்பெனியின் இணையப் பக்கம். ‘அம்மாவோடு முப்பது நாள்’. எல்லா வீடியோவிலும் புருல்தான், கையில் கிண்ணத்தோடு.

“உங்களுக்கே தெரியாம மீரிம் விளம்பரம் எடுத்திருக்கா, அக்கா. முப்பது நாளும் முடிஞ்சு போச்சு.”

 புருல் பாதிக் கிண்ணம் ஊற்றிப் பாக்கெட்டின் பக்கத்தில் வைத்தாள்.

“இதைப் படமெடுத்து அந்தக் கம்பெனிக்குப் போடு, குல்சாத். டீ ரொம்ப நல்லா இருக்காம், இன்னும் ஒரு மாசம் விளம்பரம் எடுக்கச் சொல்லு.”