வெள்ளிக்கிழமை முட்டை

"ஏலே பிரபு, முட்டை விடாத வாத்துக்கு எதுக்குலே தண்டத்தீனி? அம்புட்டையும் கறிக்குத் தள்ளிவிட்டுட்டு நீ குவைத்துக்கே போய்ச் சேரு."

குருநாதன் காலைக் காப்பிக்கு முன்னால் மகனைப் பார்த்துத் தினமும் ஓதுகிற மந்திரம் இது.

கமுதிப் பக்கம் மிளகாய் போடுவார்கள், பருத்தி போடுவார்கள். குவைத்து வேலையை உதறிவிட்டு வந்து வாத்து வளர்த்தவன் பிரபு ஒருவன்தான். கிணற்றடியில் கறிக்கு ஒரு கொட்டகை, வேப்பமரத்தடியில் முட்டைக்கு ஒரு கொட்டகை என்று ஜோராகத்தான் ஆரம்பித்தான். கறி வாத்து மளமளவென்று கொழுத்தது. முட்டை வாத்து தின்றது, கண்மாயில் நீந்தியது, ஊரைக் கூட்டிக் கத்தியது. முட்டை மட்டும் விடவில்லை.

டீக்கடையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

"கருவாட்டைப் பொடிச்சுப் போடுப்பா."

"ரேடியோவுல பாட்டு வைப்பா. சந்தோஷத்துல விட்டுரும்."

கருவாடும் போட்டான், பாட்டும் வைத்தான். அவன் மனைவி சுகந்தி அய்யனாருக்கு நேர்ந்துகொண்டாள். குருநாதன் மட்டும் கொட்டகைப் பக்கம் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

பிரபுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். ஒரு முட்டைகூட விழலைன்னா மஹ்மூது பாய் வந்து மொத்தத்தையும் கறிக்கு அள்ளிக்கிட்டுப் போகட்டும். நான் பிளேன் ஏறிர்றேன்."

சுகந்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"மொதல்ல அதைச் செய்யி" என்றார் குருநாதன். ஒத்தை மகனைத் திரும்ப அனுப்புவதில் மனுஷருக்கு அப்படி என்ன அவசரமோ.

வியாழக்கிழமை அவர் பரமக்குடிக்குப் போய்விட்டு, மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்தபடி பஸ்ஸை விட்டு இறங்கினார்.

"பையில என்ன மாமா?" என்று கை நீட்டினாள் சுகந்தி.

"தக்காளி. தொடாத, நசுங்கிரும்."

அன்றைக்கு வைத்த ரசத்தில் தக்காளியைக் காணோம்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வாத்து வியாபாரி மஹ்மூது பாயின் லோடு ஆட்டோ வாசலில் வந்து நின்றதுதான் தாமதம், கொல்லையிலிருந்து சுகந்தி போட்ட கூச்சலில் தெருவே திரும்பியது.

"ஏங்க, ஓடி வாங்க. முட்டை கெடக்குங்க."

மடி நிறைய முட்டை. பிரபு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடவே ஆரம்பித்துவிட்டான். சுகந்தி சாத்த மறந்த கதவு வழியாக வாத்துகள் படையாகக் கிளம்பி பாயின் கால் சந்தில் புகுந்து ஓடின. பாய் சறுக்கிச் சகதியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கத் தோன்றாமல் அங்கேயே சிரித்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கொட்டகையில எடுத்த?" மூச்சு வாங்கக் கேட்டான் பிரபு.

"கெணத்தடிக் கொட்டகையில." சுகந்தி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

ஆட்டம் நின்றது. பிரபு முட்டையைப் பார்த்தான். பிறகு அய்யாவைப் பார்த்தான். அவர் வேப்பங்குச்சியை மென்றபடி வானத்தில் மழைக்குக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு பாயிடம் திரும்பினான் பிரபு.

"பாய், கோவிச்சுக்கிறாதீக. நான் விக்கல. குவைத்துக்கும் போகல."

"நெசமாவாலே?"

கேட்டது பாய் இல்லை, குருநாதன். உடனே சுதாரித்துக்கொண்டு, "என்னமோ செய்யி. தீனிக்கு நீதான அழுகணும்" என்று துண்டை உதறினார்.

பிரபு அவர் காதோரம் குனிந்தான்.

"அய்யா, நாளைக்கு வைக்கிறப்ப வேப்பமரத்துக் கொட்டகையில வைங்க. கெணத்தடியில இருக்கது பூராம் ஆம்பள வாத்து."