தஹபோ சொன்ன பதில்

உபா வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடியபோது முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

கிழக்கு லண்டனில் ஒரு நூலக அரங்கு. அவளுடைய நான்காவது நாவல். முன்னால் ஆங்கில வாசகர்கள். பின்னால் சோமாலியப் பெண்கள் நாங்கள். உபாவின் அம்மா தஹபோவுக்காக வந்தவர்கள். தேநீரும் சம்பூசாவும் எங்கள் பொறுப்பு.

வாசித்த பகுதி எங்களுக்குப் புதிதல்ல. போரின்போது எங்கள் ஹர்கெய்சா நகரை விட்டு எல்லைக்கு நடந்த வழியில், காய்ச்சலில் செத்துப்போன மகனை ஒரு தாய் மரத்தடியில் அடக்கம் செய்கிறாள். அவன் உபாவின் தம்பி குலேத். தஹபோ வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறோம். உபாவும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தாள்.

எங்களுக்கு முன் இருக்கையிலிருந்த வெள்ளைக்காரப் பெண் எழுந்து அம்மாவிடம் ஒரு கேள்வி என்றாள். அவனை அடக்கம் செய்கிற தெம்பு எங்கிருந்து வந்தது?

தஹபோவுக்கு ஆங்கிலம் வராது. உபா சோமாலியில் சொல்லி, மைக்கை அவளிடம் நீட்டினாள்.

தஹபோ மகளை மட்டும் பார்த்துப் பேசினாள்.

“அவனை நான் புதைக்கலடி. ரெண்டு பேரையும் தூக்க முடியல, உன்னைத் தூக்கிக்கிட்டேன். அவன் அப்போ முழிச்சுக்கிட்டுதான் இருந்தான்.”

ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது.

உபா மைக்கை வாங்கிக்கொண்டாள். மேசை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள். முன்னால் இருந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

“அல்லா கொடுத்த தெம்புதான், வேற என்னன்னு அம்மா சொல்றாங்க” என்றாள் ஆங்கிலத்தில்.

முன்வரிசைகள் கைதட்டின. பின்னால் ஒரு கைகூட எழவில்லை.

கேள்வி கேட்டவளுக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். திரும்பி, எனக்குப் பக்கத்திலிருந்த சஃபியாவிடம், மகள் சரியாகத்தான் மொழிபெயர்த்தாளா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

சஃபியாவுக்கு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு வேலை. ஒவ்வொரு முறையும் குர்ஆன் மீது சத்தியம் செய்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

“ஒரு எழுத்து பிசகல” என்றாள்.

பிறகு அவளே முதலில் கைதட்டத் தொடங்கினாள். நாங்களும் தட்டினோம்.