வரதராஜுலு மாறிய சாஃப்ட்வேர்

“ஏனுங்க சார், இருபது வருசமாப் பழகுன சாஃப்ட்வேரை விட்டுப்போட்டு இதுக்கு மாறீட்டீங்க?” என்று கேட்டாள் அன்புச்செல்வி. காந்திபுரத்தில் வரதராஜுலு நடத்தும் டிசைன் கடையில் வேலைக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

“பழசுக்கு மாசாமாசம் சந்தா கட்டி முடியலை அம்மணி.”

“போன மாசம் நாஞ் சொன்னப்ப, புதுசு கைக்கு வராதுன்னு கோவிச்சுக்கிட்டீங்களே?”

அவர் பொள்ளாச்சி தேங்காய் எண்ணெய் போஸ்டரில் ஓர் எழுத்தை நகர்த்தினார். புது சாஃப்ட்வேரில் ஒரே ஃபைலில் பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம்; போஸ்டர் வேலையைக் கொடுத்த பெங்களூர் விளம்பர ஆபீஸிலும் அதைத் திறந்திருந்தார்கள். இன்னொரு கர்சர் வந்து, அவர் வைத்த எழுத்தைச் சற்று மேலே தூக்கியது. அதன் ஓரத்தில் ‘நவ்யா’ என்று பெயர் தெரிந்தது.

“உங்க வேலையில கை வெக்கறாங்க, நீங்க சிரிக்கறீங்க! யாருங்க சார் அது?”

“என்ற மக.”

அவருக்கு ஒரு மகள் இருப்பதே அன்புச்செல்விக்குத் தெரியாது.

“அவ இஷ்டப்பட்ட பையனைக் கட்டிக்கிட்டா. இனி என் மூஞ்சில முழிச்சுராதேன்னு சொல்லிப்போட்டேன். அஞ்சு வருசமாச்சு. இந்த வேலை அவ கையிலதான் இருக்குன்னு தெரிஞ்சதும் அவ ஆபீஸ்ல வெச்சிருக்கற இந்த சாஃப்ட்வேருக்கே மாறிட்டேன்.”

“இதே மாதிரி உங்க பேரும் அவங்க ஸ்கிரீன்ல தெரியுமுங்களா?”

“தெரியும். ஆனா அவ எனக்கு ஒரு வார்த்தைகூட எழுதலை.”

ஐந்து மணிக்கு போஸ்டர் முடிந்தது.

“ஃபைலை மூடிறட்டுங்களா சார்?”

“இருக்கட்டும் அம்மணி.” அசையாமல் நின்ற அந்தக் கர்சரையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். “அவளும் இன்னும் மூடலை.”