ஜப்பான்காரர் மறுபடி பாடினார்

ஒரு வீட்டு அலமாரியின் உச்சியில், ஜப்பானிலிருந்து வந்த பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று இருந்தது. "எங்க காலம் திரும்பி வரும்" என்று தன் அடியில் குடியிருந்த பல்லியிடம் அது தினமும் சொல்லும்.

"எங்க அம்மாகிட்டயும் இதையேதான் சொன்னீங்களாம்" என்று பல்லி கொட்டாவி விடும்.

ஒரு நாள் அந்த வீட்டுப் பெண் அபிநயா அதைக் கீழே இறக்கித் துடைத்தாள். புத்தம்புது இசைத்தட்டு ஒன்றை அதன்மேல் வைத்து, பிளக்கைச் செருகினாள். சிவப்பு விளக்கு எரிந்ததும் பக்கத்தில் நின்று பதினாறு போட்டோ எடுத்துக்கொண்டாள். பிறகு போனைப் பார்த்தபடியே சமையலறைக்குப் போய்விட்டாள்.

"அவ்வளவுதானா?" என்றது பிளேயர். "உனக்குப் பாடத் தெரியுமாம்மா?" என்று இசைத்தட்டைக் கேட்டது.

"தெரியலைங்க. இதுவரைக்கும் யாரும் பாடச் சொன்னதில்லை."

"பல்லி, அந்த முள்ளைக் கொஞ்சம் தள்ளு. சீக்கிரம்!"

பின்னாலேயே இறங்கி வந்திருந்த பல்லி, இசைத்தட்டின்மேல் ஏறித் தலையைக் கொடுத்து முட்டியது. முள் நகர்ந்து இசைத்தட்டின்மேல் இறங்கியது. பிளேயர் தள்ளாடித் தள்ளாடிச் சுழன்றது. முதலில் கரகரவென்று சத்தம். பிறகு கணீரென்று ஒரு பாட்டு. இசைத்தட்டு தன் குரலைக் கேட்டு வெட்கப்பட்டது. இறங்க மறந்த பல்லி, வாலைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது.

சமையலறையிலிருந்து அபிநயாவின் அப்பா கத்தினார்: "யார் போன் அது? சத்தத்தைக் குறைங்க!"

"கேட்டியா பல்லி, என்னைத்தான் திட்டுறாங்க!" என்று பூரித்துப்போன பிளேயர், இன்னும் சத்தமாகப் பாடியது.