அபெனாவின் வேகம்

"அறுபத்திரண்டு பிள்ளைங்கள்ல பதினாலு பிள்ளைங்கதான் டேப்லெட்டையே தொட்டிருக்காங்க. மிச்ச நாப்பத்தெட்டையும் நீங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்க மேடம்?"

செர்வா டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கரியுகி கையைக் காட்டி நிறுத்தினார். டேப்லெட் கொடுத்த கம்பெனியின் ஆள் அவர். நைரோபியிலிருந்து வந்திருந்தார். கானாவில் இறங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. டெச்சிமான் ரோட்டுப் புழுதி இன்னும் கோட்டில் இருந்தது. தலைமை ஆசிரியர் விருந்தாளிக்குக் கோழி பிடிக்கப் போயிருந்தார். அதனால் திட்டு முழுவதும் செர்வாவுக்கே கிடைத்தது.

கரியுகி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். பெயருக்கு ஒன்றாகப் பதினான்கு கோடுகள். எல்லாமே மேலேறிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற வேகத்தில் இருந்தது.

"அபெனா. ஆறே வாரத்துல மூணு வருஷப் பாடம். நூத்துக்குத் தொண்ணூத்தாறு மார்க். எத்தனையோ நாட்டுல டேப்லெட் குடுத்திருக்கோம், இப்படி ஒரு பொண்ணை நாங்க பார்த்ததே இல்ல."

"சார், அந்த அபெனா வந்து..."

"குறுக்க பேசாதீங்க. நீங்க குறுக்க வராததாலதான் அவ இவ்வளவு தூரம் போயிருக்கா."

அதோடு விடவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேகம் உண்டு என்றார். ஓடுகிற பிள்ளையை நடக்கிற பிள்ளையோடு சேர்த்துக் கட்டிப்போடுவதுதான் டீச்சர் வேலை என்றிருந்த காலம் மலையேறிவிட்டது என்றார். அடுத்த பருவத்திலிருந்து இந்தப் பள்ளிக்கு வகுப்பு டீச்சரே வேண்டாம், டேப்லெட்டை வெயிலில் வைத்து சார்ஜ் ஏற்றிப் பூட்டி வைக்க ஓர் ஆள் போதும் என்று கல்வி அலுவலகத்துக்குக் கடிதமே தயாராக இருந்தது. இன்று பரிசு கொடுத்த கையோடு அனுப்பிவிடுவாராம்.

செர்வாவை அவள் அம்மா சந்தையில் கிழங்கு விற்றுப் படிக்க வைத்தாள். பட்டம் வாங்கி இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த வேலை இது. பூட்டுச் சாவிக்குக் கொடுக்கிற மரியாதைகூட இல்லாமல் அதைப் பறிக்கிறார் ஒருவர். செர்வாவுக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனாலும் பொறுமையாக, ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள் என்றாள்.

"உங்க ஊர் வழக்கம் எனக்கு எதுக்கு மேடம்? கோடு பேசுது பாருங்க."

 செர்வா அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் கரியுகி போனை மேசைமேல் நிற்க வைத்தார். பரிசளிப்பைக் கம்பெனிப் பெரியவர்கள் ஐந்து பேர் எங்கிருந்தோ வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டையைச் சரிசெய்தார். மெடலை எடுத்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டார்.

"பிள்ளைங்களா, இந்த வகுப்புல ஒரு பொண்ணு இருக்கா. டீச்சர் துணை இல்லாம, யார் துணையும் இல்லாம, தன்னந்தனியா, தன் வேகத்துல படிச்சவ. உலகமே அவளைப் பார்த்துக்கிட்டிருக்கு. அபெனா, எழுந்து வாம்மா."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. ஒன்பது பெண்கள் எழுந்து வந்து அவர் முன்னால் வரிசையாக நின்றார்கள்.

கரியுகி மெடலைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். வெட்கப்படாமல் நிஜமான அபெனா மட்டும் முன்னால் வரலாம் என்றார்.

ஒன்பது பேரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள்.

போனுக்குள் யாரோ இருமினார்கள். கரியுகி முதல்முறையாக செர்வாவைப் பேசச் சொல்லும் கண்களோடு பார்த்தார். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசையில் உயரமாக இருந்தவள்தான் அவர்மேல் இரக்கப்பட்டாள்.

"செவ்வாக்கிழமை பொறந்த பொண்ணுங்க எல்லாருமே அபெனாதான் சார், எந்தக் கிழமையில பொறந்தாலும் பொண்ணுக்கு ஒண்ணு, பையனுக்கு ஒண்ணுன்னு ஊருக்கே மொத்தம் பதினாலு பேருதான் உண்டு, டேப்லெட்டும் ஒரே ஒரு பேருதான் கேட்டுச்சு. ஒருத்தி விட்ட எடத்துல இன்னொருத்தி திறந்து படிச்சுக்கிட்டே போனோம், ஒன்பது பேருக்குமே புரியலைன்னா மட்டும் மேடம் போர்டுல எழுதிச் சொல்லிக் குடுப்பாங்க."