அகத்தி கசந்த கதை

வேலியைத் தாண்டிப் போய் அகத்திக் கொழுந்தை ஒரு வாய் கடித்தாள் வெள்ளாட்டுக்குட்டி செவலச்சி. பார்த்துக்கொண்டிருந்த கிடா மாமன் தாடியை ஆட்டி மெச்சினார்.

"அடேயப்பா, கிடாக்குட்டி மாதிரியே தாண்டுறியே புள்ள."

செவலச்சிக்கு வாயிலிருந்த அகத்தி கசந்துபோயிற்று.

மறுநாள் வேலியடியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன்டி தாண்டலை?" என்றாள் அம்மா ஆடு.

"நேத்து தாண்டினது நான் இல்லையாம் அம்மா, ஏதோ கிடாக்குட்டியாம். அதுவே வரட்டும்."

அம்மா சிரித்துக்கொண்டே ஒரே தாவில் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். செவலச்சிக்குக் கால் துறுதுறுத்தது. அவளும் தாண்டினாள். தழையாசை விடாமல், மூச்சு வாங்க மாமனும் தாண்டி வந்தார்.

"பரவாயில்லையே மாமா," என்றாள் செவலச்சி. "எங்கம்மா மாதிரியே தாண்டுறீங்க."

மாமனுக்கு அன்றைக்கு அகத்தி ஏனோ கசந்ததாம்.